ஹீட் பம்ப்: இயந்திரத்தின் விலை வேறு, பொருத்தும் செலவு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பற்றி அண்மையில் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். கீசர் இழுக்கும் மின்சாரத்தில் நான்கில் ஒரு பங்கு போதும் என்றும், போட்ட பணம் சில ஆண்டுகளிலேயே திரும்பிவிடும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. முதலில் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. இரண்டாவதாகச் சொன்னது குமரி மாவட்டத்தின் சாதாரண வீடு ஒன்றுக்குப் பொருந்துமா என்று பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து பார்த்ததன் விளைவே இக்கடிதம். கருவூலத்தில் 33 ஆண்டுகள் பட்டியல்களைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கூட்டுத்தொகையைக் கண்டாலும் அதில் சேராமல் விடுபட்ட இனங்கள் எவை என்று தேடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

எங்கள் வீடு நாகர்கோவிலுக்குத் தெற்கே, ராஜாக்கமங்கலம் பக்கம், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வீட்டில் ஆறு பேர். குளியலறையில் 12 ஆண்டுகளாக இருந்த 15 லிட்டர் கீசர் கடந்த ஐப்பசி மழையில் அடியில் ஒழுகத் தொடங்கியபோது, புதிய கீசர் வாங்குவதா, இல்லை இந்த ஹீட் பம்புக்கு மாறுவதா என்ற பேச்சு எழுந்தது. பேச்சைத் தொடங்கியவள் இங்கிலாந்தில் செவிலியராக இருக்கும் என் மகள். அவள் வீட்டில் அப்போதுதான் ஒரு ஹீட் பம்ப் பொருத்தியிருந்தார்கள். "அப்பா, நம்ம ஊர் சூட்டுக்கு இது இன்னும் நல்லா வேலை செய்யும்" என்று தொலைபேசியில் சொன்னாள். அவள் சொன்னது இயற்பியல்படி சரி. அந்தச் சரியான கூற்றுத்தான் என்னை மூன்று மாதம் அலைய வைத்தது.

இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஓடிக்கொண்டிருக்கும் குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளேயிருக்கும் பாலிலும் காய்கறியிலும் இருந்த வெப்பத்தைத்தான் அது பின்னால் கொண்டுவந்து கொட்டுகிறது. ஹீட் பம்பும் அதே வேலையைச் செய்கிறது. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை ஒரு திரவம் உறிஞ்சி ஆவியாகிறது, கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்திச் சூடேற்றுகிறது, அந்தச் சூடு தொட்டித் தண்ணீருக்குப் போகிறது. மின்சாரம் வெப்பத்தை உண்டாக்கச் செலவாவதில்லை, வெப்பத்தை இடம் மாற்றவே செலவாகிறது. ஆகவேதான் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவுக்கும், காற்று நன்கு சூடாக இருந்தால் அதற்கு மேலும், வெப்பம் கிடைக்கிறது. ஜனவரி மாதத்தில் மகள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் பெட்டி, உறைநிலைக்கு ஓரிரு டிகிரி மேலே இருக்கும் காற்றிலிருந்து வெப்பத்தைப் பிழிந்தெடுக்க வேண்டியிருக்கிறது. சில காலைகளில் அதன் முதுகில் வெண்பனி படிந்து, அதை உருக்கவே அது சிறிது நேரம் செலவிடுகிறது. இங்கே நடுராத்திரியிலும் காற்று 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. இயந்திரத்துக்கு இதைவிட வசதியான ஊர் கிடைக்காது.

ஆனால் இயந்திரத்துக்கு வசதியான ஊரில் அதை வாங்குகிறவருக்கும் இலாபம் கிடைக்கும் என்று நினைப்பதில்தான் கணக்குப் பிழைக்கிறது. பிரிட்டனில் நடுத்தர வீடு ஒன்று ஆண்டுக்கு எரிக்கும் எரிவாயுவை 11,500 யூனிட் அளவு என்று அங்குள்ள எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு 2023இல் கணக்கில் கொண்டது. அதில் பெரும்பகுதி வீட்டைச் சூடாக வைத்திருக்கவே போகிறது. குளிக்கும் வெந்நீர் அதில் ஒரு சிறு பங்கு. எங்கள் வீட்டில் ஆறு பேரும் ஆண்டு முழுவதும் வெந்நீரில் குளித்தாலும் தேவைப்படுவது 900 யூனிட்தான். அந்த எண்ணுக்கு எப்படி வந்தேன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

மகள் வீட்டுக் கணக்கையும் இங்கே வைத்துவிடுகிறேன், ஏனெனில் கட்டுரை வெளிநாட்டு அனுபவத்தை மேற்கோள் காட்டியிருந்தது. மூன்று படுக்கையறை கொண்ட அவள் வீட்டுக்கு, வெளிப்பெட்டி, வெந்நீர்த் தொட்டி, சில அறைகளில் பெரிய ரேடியேட்டர்கள், ஆள்கூலி எல்லாம் சேர்த்து வந்த மதிப்பீடு 12,800 பவுண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தின்கீழ், முதலில் 5,000 பவுண்டாக இருந்து 2023 அக்டோபரில் உயர்த்தப்பட்ட 7,500 பவுண்டு மானியம், வேலை செய்யும் நிறுவனத்தின் வழியாகவே பட்டியலில் கழிக்கப்பட்டது. மதிப்புக்கூட்டு வரியும் 2027 மார்ச் வரை சுழியம். அவள் கையிலிருந்து போனது 5,300 பவுண்டு. இவ்வளவு சலுகை இருந்தும் மாதச் செலவில் பெரிய மிச்சமில்லை என்கிறாள். அங்கே மின்சாரத்தின் விலை எரிவாயுவைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. இயந்திரம் ஒன்றுக்கு மூன்றாகத் தந்தாலும் விலை வித்தியாசம் அதை விழுங்கிவிடுகிறது. அங்கே அரசு பணம் கொடுத்து மக்களை இதன் பக்கம் இழுப்பது கரியமில வாயுவைக் குறைக்கத்தானே ஒழிய, குடும்பத்தின் பணப்பையை நிரப்ப அன்று.

அங்கே நடந்ததில் பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. விலை சொல்வதற்கு முன் ஒருவர் வீட்டுக்கு வந்து, அறை அறையாகச் சுவரையும் சன்னலையும் அளந்து, ஒவ்வோர் அறையும் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று கணக்கிட்டு, அதன்பிறகே எழுத்தில் மதிப்பீடு தந்திருக்கிறார். அந்த மதிப்பீட்டை மகள் எனக்கு அனுப்பினாள், 14 பக்கம். ஓர் இனமும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விடப்படவில்லை.

இங்கே எனக்கு விலை கிடைத்தது தொலைபேசியில். வீட்டில் எத்தனை பேர் என்பது மட்டும் கேட்கப்பட்டது. "200 லிட்டர் போதும் சார், வரி உட்பட ஒரு லட்சத்து ஐயாயிரம்" என்றார் விற்பனைப் பிரதிநிதி. பொருத்தும் செலவு பற்றிக் கேட்டதற்கு, அது இலவசம் என்றார். அந்த இலவசம் என்னவென்று பின்னர்தான் தெரிந்தது: கம்பெனி ஆள் வந்து, தயாராக நிற்கும் மேடையில் இயந்திரத்தை வைத்து, தயாராக வந்து நிற்கும் குழாயில் இணைத்து, தயாராக இருக்கும் மின்இணைப்பில் சொருகிக் காட்டுவார். அவர் வருவதற்கு முன் அவை அனைத்தையும் தயார் செய்து வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.

ஆகவே நானே பிளம்பரையும் எலெக்ட்ரீஷியனையும் கொத்தனாரையும் தனித்தனியாக வரவழைத்து விலை கேட்டேன். மொட்டை மாடியில் தொட்டியின் எடையைத் தாங்கும் மேடைக்கும் அதன்மேல் மழை நேராக விழாமல் ஒரு சிறு தகரக் கூரைக்கும் 6,500 ரூபாய். 200 லிட்டர் தண்ணீரும் இயந்திரமும் சேர்ந்தால் கால் டன்னுக்கு மேல் வரும் என்பதால் அதை விட்டம் ஓடும் இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று கொத்தனார் சொன்னது நியாயமே. அங்கிருந்து இரண்டு குளியலறைக்கும் அடுக்களைக்கும் 22 மீட்டர் சிபிவிசி (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) வெந்நீர்க் குழாய், அதன்மேல் சூடு போகாமலிருக்கச் சுற்றும் கறுப்பு நுரை உறை, வால்வுகள் எல்லாம் சேர்த்து 14,800. பதித்திருந்த டைல்ஸை உடைத்துத் திரும்ப ஒட்டுவதற்கு 5,200. அதே நிறத்தில் டைல்ஸ் இப்போது கடையில் இல்லை என்பதால் குளியலறைச் சுவரில் ஒரு பட்டை வேறு நிறத்தில் நிற்கும் என்ற எச்சரிக்கையும் உடன் வந்தது. மீட்டர் பலகையிலிருந்து மாடிக்குத் தனி மின்கம்பி, எம்.சி.பி. என்னும் பாதுகாப்பு சுவிட்ச், புதிதாக ஓர் எர்த் குழி ஆகியவற்றுக்கு 7,400. மாலையில் எங்கள் பகுதியில் மின்அழுத்தம் தாழ்வதால் கம்ப்ரசரைக் காக்க ஒரு ஸ்டெபிலைசர் 5,500. இயந்திரம் ஓடும்போது காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் மாடியில் தேங்கிப் பாசி பிடிக்காமல் கீழே கொண்டுபோகும் குழாய்க்கும், பாதுகாப்பு வால்வுக்கும் 2,100. கடலோரம் என்பதால் பெட்டியின் அலுமினியத் தகடுகளுக்கு உப்புக்காற்றைத் தாங்கும் பூச்சு 4,000. கிடங்கிலிருந்து கொண்டுவரும் வண்டிக்கும், கயிறு கட்டி மாடிக்கு ஏற்றும் நான்கு பேருக்கும் 2,500.

கூட்டிப் பாருங்கள். இயந்திரம் 1,05,000, மற்றவை 48,000, மொத்தம் 1,53,000 ரூபாய். இயந்திரத்தின் விலையில் ஏறத்தாழப் பாதி, விளம்பரத்திலும் இல்லை, தங்கள் கட்டுரையிலும் இல்லை. இந்த எண்கள் என் வீட்டுக்குரியவை. குளியலறைகள் அருகருகே உள்ள ஒரு மாடி இல்லாத வீட்டில் குறையும், பழைய ஓட்டு வீட்டில் மேடை போட இடமில்லாமல் கூடவும் செய்யும். ஆனால் இவற்றில் எந்த ஓர் இனமும் வேண்டாததோ ஆடம்பரமானதோ அன்று.

பூச்சுக்கான 4,000 ரூபாயைப் பார்த்து இது வீண் என்று சொன்ன உறவினர் ஒருவரை அடுத்த தெருவிலுள்ள வீட்டு மாடிக்கு அழைத்துச் சென்று காட்டினேன். அங்கே மூன்று ஆண்டுக்கு முன் வைத்த ஏ.சி.யின் வெளிப்பெட்டி கடலைப் பார்த்து நிற்கிறது. பின்பக்கத் தகடுகள் சாம்பல் பூத்து, விரலால் தொட்டால் பொரித்த அப்பளம்போல உதிர்கின்றன. கீழே மூலையில் செம்புக் குழாய் பச்சையேறி நிற்கிறது. திருகாணிகளின் தலை எது, தகடு எது என்று அடையாளம் தெரியவில்லை. முட்டத்திலும் குளச்சலிலும் மணக்குடியிலும் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. சன்னல் கம்பியும் சைக்கிள் சங்கிலியும் அவர்களுக்கு இதை எப்போதோ கற்றுக்கொடுத்துவிட்டன. ஹீட் பம்பின் உயிர் அந்தத் தகடுகளில்தான் இருக்கிறது. அவை அரித்தால் காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் பரப்பு குறையும், கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடும், ஒரு நாள் உள்ளே வெப்பத்தைச் சுமக்கும் கேஸ் கசிந்து வெளியேறும். எனக்குத் தரப்பட்ட உத்தரவாத அட்டையைப் பூதக்கண்ணாடி கொண்டு படித்ததில், கடலோரப் பகுதியில் உப்பால் நேரும் அரிப்புக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பற்றி விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டபோது, தாமே அதை அப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

உள்ளே தொட்டிக்கும் இதே கதைதான். நாகர்கோவில் நகரத்தில் முக்கடல் அணைத் தண்ணீர் வருகிற வீடுகளுக்குக் கவலை குறைவு. கடற்கரை ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் சுண்ணமும் கலந்தது. தொட்டி அரிக்காமல் இருக்க, தானே கரைந்து தொட்டியைக் காக்கும் மெக்னீசியக் கம்பி ஒன்றை உள்ளே வைத்திருப்பார்கள். நல்ல தண்ணீரில் நெடுநாள் நிற்கும் அது, எங்கள் பக்கத்துத் தண்ணீரில் விரைவில் கரைந்துவிடும், உரிய காலத்தில் மாற்றியாக வேண்டும். கீசரிலும் இதே கம்பி உண்டு என்பதைச் சொல்லிவிடுவது நேர்மை. ஆனால் கீசர் போனால் போவது பத்தாயிரம் ரூபாய்.

இனி வரவுப் பக்கம். மார்கழியில் ஒரு காலை ஐந்தரை மணிக்கு, பேரன் பள்ளி ஆய்வகத்துக்காக வாங்கிய வெப்பமானியை மேல்தொட்டித் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன்: 27 டிகிரி. என் மனைவி தமக்கென்று விளாவி வைத்திருந்த வாளியில் பார்த்தேன்: 40 டிகிரி. வித்தியாசம் வெறும் 13 டிகிரி. (வாளியில் கண்ணாடிக் குச்சியை விட்டதற்கு நான் வாங்கிய பேச்சு இந்தக் கணக்கில் சேராது.) ஆறு பேருக்கு ஆளுக்கு 20 லிட்டர் வாளி ஒன்று என்றால் 120 லிட்டர், அதை 13 டிகிரி சூடேற்ற 1.8 யூனிட் போதும். தொட்டியிலும் குழாயிலும் ஆறிப்போவது, பாத்திரம் கழுவ எடுப்பது எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு இரண்டரை யூனிட் என்று தாராளமாகவே வைக்கிறேன். 2,000 வாட் கீசர் ஒன்றேகால் மணி நேரம் எரிவதற்குச் சமம் அது. இரண்டு மாத மின்கணக்கில் 150 யூனிட். ஹீட் பம்ப் அதே வேலையை ஏறத்தாழ 50 யூனிட்டில் முடித்துவிடும். மிச்சம் 100 யூனிட். கட்டுரை சொன்ன விகிதத்துக்கு இது ஓரளவு அருகில்தான் வருகிறது.

அந்த 100 யூனிட்டின் விலை என்ன? தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை. 400 யூனிட் வரை உள்ள படிகளில் யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்க்குள்தான். ஆகவே நடுத்தர அளவில் மின்சாரம் செலவிடும் வீட்டில் ஒரு மின்கணக்குக்கு 500 ரூபாய், ஆண்டுக்கு 3,000 ரூபாய் மிச்சம். 500 யூனிட்டைத் தாண்டிய வீடுகளில் படி ஏறி யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல் போவதாலும், கீழ்ப்படியின் சலுகை போய்விடுவதாலும் மிச்சம் கூடும். ஆண்டுக்கு 5,000 என்று வைத்துக்கொள்ளலாம். மின்கணக்கு 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டில், இந்த 100 யூனிட் குறைந்தால் படியே இறங்கிவிடும் என்பதால் இன்னும் சற்று ஆதாயம் உண்டு. புதிய கீசருக்கு எப்படியும் பத்தாயிரம் ஆகும், அதைக் கழித்தால் ஹீட் பம்புக்காகக் கூடுதலாகப் போடுவது 1,43,000 ரூபாய். ஆண்டுக்கு 5,000 மிச்சமானால் முதல் திரும்ப 28 ஆண்டுகளுக்கு மேல். 3,000 மிச்சமானால் 47 ஆண்டுகளுக்கு மேல். எனக்கு இப்போது 68 வயது. இயந்திரம் நன்றாகப் பராமரித்தால் 10, 15 ஆண்டு ஓடும் என்கிறார்கள். இடையில் வரும் கேஸ் நிரப்பும் செலவையும், அந்தப் பணம் அஞ்சலகத்தில் கிடந்திருந்தால் தந்திருக்கும் வட்டியையும் நான் சேர்க்கவில்லை. பங்குனி, சித்திரையில் எங்கள் வீட்டில் வயதானவர்களைத் தவிர எவரும் வெந்நீரைத் தொடுவதில்லை என்பதையும் கணக்கில் கழிக்காமல் ஹீட் பம்புக்குச் சாதகமாகவே விட்டிருக்கிறேன்.

இதே பணத்தை வேறெங்கு போடலாம் என்ற கேள்வியும் கட்டுரையில் எழுப்பப்படவில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வீதமும், மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. ஒரு கிலோவாட் பலகை நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும் என்பது பொதுவான கணக்கு. இரு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்துக்கு மூன்றரை என்று குறைத்துக்கொண்டாலும் இரண்டு கிலோவாட் பலகை இரு மாதத்தில் 420 யூனிட் தரும். ஹீட் பம்ப் மிச்சப்படுத்துவதைப் போல நான்கு மடங்கு. மானியமாக 60,000 ரூபாயும் வருகிறது. ஹீட் பம்புக்கு அப்படி ஒரு காசும் எவரும் எனக்குக் காட்டவில்லை. சூரிய வெந்நீர்க் கருவி ஹீட் பம்பின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. ஆனால் ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும், அதாவது வெந்நீர் மிகவும் வேண்டியிருக்கும் நாட்களில், அது கைவிட்டுவிடும். மழை பெய்தாலும் இரவானாலும் வேலை செய்வதுதான் ஹீட் பம்பின் உண்மையான மேன்மை. கட்டுரை அதைப் போகிறபோக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டு மின்சார மிச்சத்துக்கு முக்கால் பக்கம் ஒதுக்கியது எனக்கு வியப்பாக இருந்தது.

இவ்வளவு எழுதியதால் நான் இந்த இயந்திரத்துக்கு எதிரி என்று எவரும் கொள்ள வேண்டாம். கன்னியாகுமரியில் விடுதி நடத்துகிறவர் ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டிருந்தால் உடனே வாங்கச் சொல்லியிருப்பேன். ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை முதல் தை வரை, விடியுமுன் ஓர் அறையில் எட்டுப் பேர் குளித்துவிட்டுக் கிளம்புவதை அங்கே கண்ணால் பார்க்கலாம். நாளொன்றுக்கு 2,000 லிட்டர் தண்ணீரை 15 டிகிரி சூடேற்ற நேரடி மின்சாரத்தில் 35 யூனிட் ஆகும்; ஹீட் பம்பில் 11. வணிகக் கட்டணம் யூனிட்டுக்கு ஏறத்தாழப் பத்து ரூபாய் என்ற நிலையில், ஆண்டு முழுவதும் அந்த அளவு ஓடினால் மிச்சம் 85,000 ரூபாய்க்கு மேல். அங்கே மேடைக்கும் குழாய்க்கும் ஆகும் செலவு ஒரு பொருட்டே அன்று. மருத்துவமனைகள், மாணவர் விடுதிகள், முதியோர் இல்லங்கள் ஆகியவற்றுக்கும் இதே கணக்குப் பொருந்தும். கீரிப்பாறை, மாறாமலை போன்ற மலைப்பகுதியில் தண்ணீர் இன்னும் குளிர்ந்திருப்பதால் அங்கே வீடுகளுக்கும் ஓரளவு கணக்குக் கட்டும். மின்வெட்டுத்தான் அங்கே தடை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்துப் பல நாட்கள் மாவட்டமே இருளில் கிடந்தபோது, எங்கள் வீட்டில் என் அக்காளின் மகள் குழந்தை பெற்றுப் பதினோராம் நாள். கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி, விழுந்த தென்னையின் மட்டையையும் கதம்பையையும் (தேங்காய் நார்த்தோலையும்) எரித்து, குட்டுவம் என்ற பெரிய பாத்திரத்தில், பிள்ளை பெற்றவள் குளிக்கும் வேதுத் தண்ணீர் காய்ச்சினோம். எந்த இயந்திரம் வாங்கினாலும் அந்தக் குட்டுவத்தை நான் ஆக்கருக்கு (பழைய இரும்புக்கு) போடுவதாக இல்லை.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு நிலைமை வேறு. தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் வெளிநாட்டுப் பணத்தில் எழும் புதிய வீடுகளைப் பார்க்கிறேன். சுவர் பூசுவதற்கு முன்பே உறையிட்ட வெந்நீர்க் குழாயையும், மாடிக்குத் தனி மின்கம்பியையும், இயந்திரத்திலிருந்து சொட்டும் நீருக்கான குழாயையும் பதித்துவிட்டால், எனக்குச் சொல்லப்பட்ட 48,000 ரூபாயில் டைல்ஸ் உடைக்கும் செலவு முழுவதும் போகும். குழாய்க்கும் கம்பிக்கும் ஆகும் கூலியும் வீட்டு வேலையோடு கரைந்துவிடும். இன்று ஹீட் பம்ப் வாங்க வேண்டியதில்லை. பத்தாண்டு கழித்து விலை இறங்கும்போது பிள்ளைகள் வாங்கிக்கொள்ளலாம். குளியலறைகளையும் அடுக்களையையும் ஒரே சுவரின் இருபக்கமாக அமைப்பது இன்னும் நல்லது. அது ஒரு ரூபாய் செலவும் இல்லாதது, ஆனால் வரைபடம் போடும் பொறியாளரிடம் வீட்டுக்காரர் கேட்டால்தான் நடக்கும்.

தங்கள் நாளிதழ் வழியாக விற்பனையாளர்களிடம் நான் கேட்பது மூன்று. வீட்டைப் பார்க்காமல் தொலைபேசியில் விலை சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டு, மேடை முதல் எர்த் குழி வரை எல்லா இனங்களும் அடங்கிய ஒரே மதிப்பீட்டை எழுத்தில் தர வேண்டும். தாமே செய்யாத வேலைக்கும் உத்தேசத் தொகையைக் குறிப்பிட வேண்டும். இரண்டாவது, கடலிலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் உத்தரவாதம் செல்லாது என்பதைப் பொடி எழுத்தில் ஒளிக்காமல் விலைப்பட்டியலின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். இந்த மாவட்டத்தின் ஒரு பக்கம் முழுவதும் கடற்கரை என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. மூன்றாவது, மிச்சத்தை விழுக்காட்டில் சொல்லாமல் யூனிட்டில் சொல்ல வேண்டும். 70 விழுக்காடு என்பது காதுக்குப் பெரிதாக இருக்கிறது. எதில் 70 விழுக்காடு என்று கேட்டால்தான் அது இரு மாதத்துக்கு 500 ரூபாய் என்று தெரியவருகிறது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, நம் மாவட்டத்தில் ஏற்கெனவே பொருத்தி இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்ட ஒரு வீட்டையும் ஒரு விடுதியையும் தேடி, அவர்கள் கொடுத்த மொத்தத் தொகையையும், பொருத்துவதற்கு முன்னும் பின்னும் வந்த மின்கணக்குச் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால் வாசகர்கள் தாமே கூட்டிக் கழித்துக்கொள்வார்கள். என் கணக்கு தவறென்று அந்தச் சீட்டுகள் காட்டினால் அதை மகிழ்ச்சியோடு ஏற்பேன்.

எங்கள் வீட்டில் இப்போது 25 லிட்டர் கொள்ளளவுள்ள, ஐந்து நட்சத்திரம் பெற்ற கீசர் மாட்டியிருக்கிறோம். விலை 9,800, மாட்டும் கூலி 600. மொட்டை மாடியில் மேடை போடக் கொத்தனார் சுண்ணாம்பால் கோடு கிழித்த இடத்தில் என் மனைவி வத்தல் காயப் போட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கருவூலக் கணக்கர்,
ராஜாக்கமங்கலம், கன்னியாகுமரி மாவட்டம்.